குழந்தை பிறந்து ஐந்து மாதம், முடி கொட்டுகிறது: இப்போது லேயர் கட் செய்யலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தை முழுவதும் படித்தேன். மற்ற வாசகர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதால், உங்களை அடையாளம் காட்டாதபடி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு 31 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை. இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, தாய்ப்பால் கொடுக்கிறீர்கள். அடுத்த மாதம் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். பாலாற்றுப் பாலம் தாண்டி ஸ்கூட்டரில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிற வேலை. பள்ளியில் முடியைப் பின்னியோ கொண்டை போட்டோதான் வர வேண்டும் என்பது விதி. இடுப்பு வரை நீளும் அலை அலையான முடி. ஒன்றரை மாதமாகக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஜடையின் நுனி எலிவால் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்தில் குடியாத்தத்தில் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு போட நீங்கள்தான் மணவறையில் நிற்க வேண்டும், எல்லாப் படத்திலும் வருவீர்கள்.

கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் லேயர் கட் செய்துகொண்டு வந்ததைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கும் ஆசை. பார்லரில் கேட்டால், லேயர் கட்டும் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங்கும் சேர்த்து ஒரே பேக்கேஜாகச் செய்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று முன்பணம் கேட்கிறார்கள். செல்போன் ஆப் ஒன்றில் உங்கள் படத்தைப் போட்டதற்கு, 'வட்ட முகம், லேயர் பொருந்தாது' என்று வந்திருக்கிறது. மாமியாரோ பிரசவம் நல்லபடியாக முடிந்தால் திருப்பதியில் நீங்கள் பூமுடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்னால் கத்தரி படக்கூடாது, வெட்டினால் அப்புறம் வளரவும் வளராது என்கிறார். "லேயர் கட் செய்தால் முடி கொட்டுவது நிற்குமா, என் முகத்துக்குப் பொருந்துமா, ஸ்மூத்தனிங் செய்யலாமா, அத்தையிடம் என்ன சொல்வது?" என்பவை உங்கள் கேள்விகள்.

நான் தோல், முடி மருத்துவர். கத்தரி பிடிப்பது என் வேலை இல்லை. ஆனால் வெட்டிய பிறகு வருத்தப்பட்டு வருகிறவர்களையும், வெட்டியதால் நிம்மதியானவர்களையும் நிறையப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் தாராளமாக லேயர் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த டீச்சருக்குச் செய்த அதே வெட்டு உங்களுக்கு வேண்டாம். காரணம் உங்கள் முகம் இல்லை, இப்போது உங்கள் முடி இருக்கிற நிலை.

முதலில், கொட்டுகிற முடி

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடியும் உதிராமல் வளர்ச்சி நிலையிலேயே நிற்கும். அந்த மாதங்களில் முடி அடர்த்தியாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரசவமானதும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்கிவிடுகிறது. தங்கியிருந்த முடியெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து மொத்தமாக உதிரத் தொடங்குகிறது. சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி வரை உதிரும். இந்தக் காலத்தில் அதைவிடப் பல மடங்கு போகலாம். வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் அடர்த்தி பழையபடி திரும்பிவிடும். நெற்றியோரத்தில் குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நிற்கத் தொடங்கினால், புது முடி வருகிறது என்று சந்தோஷப்படுங்கள்.

ஆகவே, லேயர் வெட்டினால் கொட்டுவது நிற்காது. நுனியில் வெட்டுவது வேருக்குத் தெரியவே தெரியாது. வெட்டிய பிறகு சிலர் "பாதியாகக் குறைந்துவிட்டது டாக்டர்" என்பார்கள். உதிர்வது குட்டை முடியாகிவிட்டதால் சீப்பில் கொஞ்சமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே காரணத்தால், வெட்டினால் வளராது என்பதும் சரியில்லை. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். வெட்டினாலும் வளரும், வெட்டாவிட்டாலும் வளரும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

போர் தண்ணீரால்தான் கொட்டுகிறதோ என்ற சந்தேகத்தையும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நுனி பிளந்து ஒடியும். வேரோடு இப்படிக் கொட்டுவதற்குக் காரணம் பிரசவம்தான். குளித்து முடித்ததும் கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டால் சொரசொரப்பு குறையும். அதற்கு மேல் செலவு வேண்டாம்.

இதைப் படித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குழந்தையின் கால் விரல், கை விரல், சாக்ஸின் உட்புறம் எல்லாவற்றையும் நன்றாகப் பாருங்கள். தாய்க்கு முடி அதிகமாகக் கொட்டும் காலத்தில், உதிர்ந்த ஒற்றை முடி குழந்தையின் விரலில் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடுவது உண்டு. காரணமே தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் முதலில் விரல்களைப் பார்க்க வேண்டும். விரல் சிவந்து வீங்கி, முடியை எடுக்க வரவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

முகத்துக்கு முன்னால் முடியைப் பாருங்கள்

லேயர் என்றால் மேல் அடுக்கு முடியைக் குட்டையாகவும் அடி அடுக்கை நீளமாகவும் விடுவது. மேலே பாரம் குறைவதால் முடி எழும்பி நிற்கும், அசையும். அடர்த்தியான தலைக்கு அது பெரிய அழகு. ஆனால் மேல் அடுக்கில் வெட்டி எடுக்கிற முடி எல்லாம் இதுவரை உங்கள் ஜடையின் கீழ்ப்பாதியில் இருந்த முடி. ஏற்கெனவே நுனி மெலிந்த ஜடையில், நீளத்தைக் குறைக்காமல் லேயர் மட்டும் வெட்டினால், மீதி இருக்கிற கொஞ்சமும் போய் நுனி நூலாகிவிடும். லேயர் வெட்டியதால் முடியே போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் வைக்காமல் முடியைப் பிடரியில் ஒரே ரப்பர் பேண்டில் கட்டுங்கள். அதைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்குங்கள். பிடரியில் இருந்த பருமன் எந்த இடத்தில் பாதியாகிறதோ அங்கே ஒரு நூல் கட்டுங்கள். அந்த நூலுக்குக் கீழே இருப்பது பெயருக்கு நீளம். பார்க்கிறவர் கண்ணுக்கு அடர்த்தி குறைவாகத்தான் தெரியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த நூல் முதுகின் நடுவில், ரவிக்கை முடிகிற இடத்துக்குச் சற்று முன்பின்னாக வரும் என்று நினைக்கிறேன். மொத்த நீளத்தை முதலில் அங்கே கொண்டுவந்துவிட்டு, அப்புறம்தான் லேயர் பேச்சு.

அடுத்தது அலை. அந்த டீச்சருக்கு நேர் முடி, உங்களுக்கு அலை முடி. நேர் முடியில் லேயரின் படிகள் பளிச்சென்று தெரியும். அலை முடியில் படி தெரியாது. பாரம் குறைந்ததும் அலை சுருண்டு மேலே ஏறும், பக்கவாட்டில் பெருகும். ஈரத்தில் தோள் வரைக்கும் வெட்டியது காய்ந்ததும் தோளுக்கு மேலே ஏறிவிடுவது இதனால்தான். பார்லரில் டிரையர் பிடித்துச் சுருட்டி விட்டதும் தேவதை போல இருந்து, மறுநாள் காலை வீட்டில் எழுந்ததும் வேறு ஆளாகத் தெரிவதும் இதனால்தான். தினமும் டிரையர் பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்குமா? கைக்குழந்தை, ஸ்கூல் போகும் மூத்த பிள்ளை, எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டிய வேலை. தானாகக் காய்ந்தாலே பார்க்கும்படி இருக்கிற வெட்டுதான் உங்களுக்கு வேண்டும்.

மூன்றாவது, கட்டுகிற விதம். உங்கள் முடி வாரத்தில் ஆறு நாள் கட்டித்தான் இருக்கப்போகிறது. லேயரில் மிகக் குட்டையான முடி கொண்டைக்கு எட்டவில்லை என்றால், நாள் முழுக்க காதோரத்திலும் கழுத்திலும் பிரிந்து தொங்கும். போர்டில் எழுதத் திரும்பும்போதெல்லாம் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். ஐந்து மாதக் குழந்தை கையில் அகப்படுவதும் அந்த முடிதான். ஆகவே உச்சந்தலையில் எடுக்கிற முடி, பிடரியில் கொண்டை போடும் இடத்தைத் தாண்டி நாலு விரற்கடையாவது நீண்டிருக்க வேண்டும். அதற்கு மேலே கத்தரி போகக்கூடாது. இது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நெற்றியில் விழும்படி முன்முடி வெட்டுவதும் வேண்டாம் என்பேன். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும், மேலே ஹெல்மெட் வேறு அழுத்தும், நெற்றி முழுக்கப் பொரிப் பொரியாகப் பரு வரும். வளர்ந்து காதுக்குப் பின்னால் ஒதுக்கும் அளவுக்கு வரப் பல மாதங்கள் ஆகும்.

வட்ட முகம் என்ற பயம்

ஆப் சொன்னதற்காக வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வட்ட முகத்துக்கு லேயர் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. லேயர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கன்னத்து மட்டத்தில் தொடங்கினால் முடி அங்கேயே விரிந்து முகத்தை இன்னும் அகலமாகக் காட்டும். மோவாய்க்குக் கீழே, கழுத்தெலும்பு பக்கமாகத் தொடங்கினால் பார்வை கீழ்நோக்கி இறங்கும், முகம் நீண்டு தெரியும். நட்ட நடுவில் வகிடு எடுக்காமல் ஒரு விரல் தள்ளி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நீண்ட முகக்காரர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: கன்னத்தருகே கொஞ்சம் விரிந்தால்தான் அழகு. தாடை அகலமானவர்கள் தாடை எலும்பு மட்டத்திலேயே முடி முடியாமல் பார்த்துக்கொண்டால் போதும். அச்சில் வார்த்தது போல வட்டமோ சதுரமோ ஆன முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதோடு உங்களுக்குப் பிரசவத்துக்கு முன் இருந்த முகம் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது. இன்று ஆப் பார்த்த முகத்தை அடுத்த வருடம் நீங்களே கண்ணாடியில் பார்க்க மாட்டீர்கள்.

அந்தப் பேக்கேஜ்

ஸ்மூத்தனிங் இப்போது வேண்டவே வேண்டாம். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று பல பெயர்களில் விற்கப்படும் கிரீம்களில் சிலவற்றைப் பூசிச் சூடான இரும்பால் இழுக்கும்போது ஃபார்மால்டிஹைட் வாயு வெளிப்படும். கண், மூக்கு, தொண்டை எரியும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்று அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 'ஃபார்மால்டிஹைட் இல்லாதது' என்று விற்பவற்றில் சில கிளையாக்ஸிலிக் அமிலம் கொண்டவை. அந்த அமிலம் உள்ள கிரீமைத் தலையில் பூசிய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் பால் குடிக்கிற குழந்தை மடியில் இருக்கும்போது அந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்க ஒரு காரணமும் இல்லை.

அதைத் தள்ளி வைத்தாலும் வேறு கணக்கு இருக்கிறது. உங்களுக்கு இப்போது புது முடி முளைக்கும் சமயம். நேராக்கிய முடிக்கு மேலே புது முடி அலையாகத்தான் வரும். ஆறு மாதத்தில் ஆறு சென்டிமீட்டர் அலை, அதற்குக் கீழே நேர் முடி என்று தலை இரண்டாகத் தெரியும். மறைக்க மறுபடியும் பார்லர். தொடங்கினால் விட முடியாமல் இழுத்துக்கொண்டே போகும்.

முன்பணம் கொடுக்காமல் இருந்தால் கொடுக்காதீர்கள். "வெட்டு மட்டும் போதும், எவ்வளவு?" என்று கேட்பது உங்கள் உரிமை. எந்த கிரீமாக இருந்தாலும் டப்பாவை வாங்கி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். ஒருவேளை முன்பணம் கொடுத்துவிட்டுத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ரசீது இல்லாமல் அந்தப் புகார் வலுவாக இருக்காது.

அத்தையின் வேண்டுதல்

இதில் நீங்கள் சண்டை போடவே தேவையில்லை. அத்தை வேண்டிக்கொண்டது உங்கள் பிரசவத்துக்காக, உங்கள் உயிருக்காக. வெட்டினால் வளராது என்பதை மட்டும் நான் மறுக்கிறேன், வேண்டுதலை இல்லை. பூமுடி என்பது நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பது. எப்படியும் நீளத்தைக் குறைக்கத்தானே போகிறீர்கள்? முதலில் திருப்பதி போய்ப் பூமுடி கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் பார்லர். காட்பாடியிலிருந்து நேராக ரயிலும் இருக்கிறது. "அத்தை, உங்கள் வேண்டுதலை முடித்துவிட்டுத்தான் வெட்டிக்கொள்ளப் போகிறேன்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்படியே, குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்று யாராவது சொன்னால், வேண்டுதலுக்காகப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். முடி தடிமனாக வருவது போலத் தெரிவது, வெட்டுப்பட்ட மொட்டை முனையினால்.

பார்லரில் என்ன கேட்பது

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டு படிய நாள் வேண்டும். ஏதாவது கோணலானாலும் திருத்த அவகாசம் இருக்கும். எண்ணெய் இல்லாமல், சடை பின்னாமல், தானாகக் காய்ந்த முடியோடு போங்கள். அப்போதுதான் உங்கள் அலை எங்கே வளைகிறது என்று வெட்டுகிறவருக்குத் தெரியும்.

'லேயர் கட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பார்லரில் அதற்கு ஒவ்வொரு அர்த்தம். ஸ்டெப், ஃபெதர், பட்டர்ஃப்ளை எல்லாம் அதற்குள் வந்துவிடும். விரலால் தொட்டுக் காட்டுங்கள். நூல் கட்டிய இடத்தைக் காட்டி, "மொத்த நீளம் இங்கே, யூ வடிவத்தில்." கழுத்தெலும்பைக் காட்டி, "முன்பக்கத்தில் குட்டையான முடி இதற்கு மேலே போகக்கூடாது." கொண்டை போட்டுக் காட்டி, "உச்சி முடி இதற்கு எட்ட வேண்டும்." பாரத்தைக் குறைக்கிறேன் என்று பல் வைத்த தின்னிங் கத்தரியையோ ரேசரையோ எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடர்த்தி குறைந்த தலைக்குத் தின்னிங் கத்தரி கெடுதல். அலை முடிக்கு ரேசர் கெடுதல், நுனி பிசிர் பிசிராகிவிடும். பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே ஒருமுறை கொண்டை போட்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள்.

கேட்டதைவிட நீளமாகவே வெட்டினால் பரவாயில்லை, இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். அதிகமாகப் போனால் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் திரும்ப வரும்.

கல்யாணத்தன்று பட்டுப்புடவை, பூ எல்லாம் இருக்கும். வெட்டிய முடியில் மல்லிச் சரம் வழுக்கும். ஜடையில் செருகாமல் தாழ்வான கொண்டையைச் சுற்றி வைத்துப் பின் குத்துங்கள். முன்பக்கத்துக் கற்றைகளைக் காதுக்குப் பின்னால் விட்டால் ஜிமிக்கியும் தெரியும். சவுரி வைத்து நீளமாகப் பின்ன வேண்டும் என்று குடியாத்தத்துச் சொந்தக்காரர்கள் ஆசைப்பட்டால், முகூர்த்த நேரத்துக்கு மட்டும், இழுத்துக் கட்டாமல். முந்தின நாள் வரவேற்பிலிருந்து மறுநாள் வரை அந்தப் பாரத்தைத் தாங்கும் நிலையில் உங்கள் வேர்கள் இப்போது இல்லை.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். கொண்டையை ஒரே இடத்தில் இறுக்காமல் நாளுக்கு நாள் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே மாற்றுங்கள்.

கடைசியாக மருந்து விஷயம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் சகஜம். இருந்தால் கொட்டுவது நீடிக்கும். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தை வாங்கித் தடவாதீர்கள், பால் கொடுக்கும் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் அது கூடாது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் அரிப்பும் செதிலும் இருந்தாலோ, வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் கொட்டுவது குறையாவிட்டாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். மற்றபடி அடுத்த வருடம் அடர்த்தி திரும்பியதும், அந்த டீச்சருடையது போல உயரமான லேயர்தான் வேண்டும் என்று அப்போதும் ஆசை இருந்தால், தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.